சாப்பிட்டாச்சா என்று கேட்ட அமைச்சர்

பூவாற்றூரில் அந்த வருடம் மழை நன்றாக ஏமாற்றிவிட்டது. கோட்டை வாசலில் இரண்டு மாதமாகக் கஞ்சித் தொட்டி நடந்துகொண்டிருந்தது. அமைச்சர் நம்பிமாராயருக்கு மட்டும் அது கண்ணை உறுத்தியது. சட்டியும் கையுமாக இத்தனை பேர் வாசலில் நின்றால், வெளியூர்த் தூதர்கள் என்னதான் நினைப்பார்கள்?

ஒருநாள் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சபைக்கு வந்தார்.

"அரசே, ஊரில் பசி தீர்ந்துவிட்டது. தொட்டியை மூடிவிடலாம்."

"எப்படித் தெரியும்?" என்றார் மன்னர் செங்கோடவர்மர்.

"ஊரையே கேட்டுவிட்டேன்! இருநூற்றுப் பத்து வீடு. ஒன்றுகூட விடவில்லை. தமுக்கடித்து, நாலு வேல்காரரோடு நானே நேரில் போனேன். ஒவ்வொரு வீட்டிலும் ஆளை வாசலுக்கு வரவழைத்து, 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்டேன். இருநூற்றுப் பத்து வீட்டிலும் ஒரே பதில். 'ஆச்சு!'"

சபை தலையாட்டியது. மன்னரும் தலையாட்டினார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த கூத்தபிரான் மட்டும் தலையாட்டவில்லை. அவன் சபைப் புலவன். பாட்டைவிட வாய்த்துடுக்குக்குப் பெயர் போனவன். தமுக்குச் சத்தம் கேட்டு வேடிக்கை பார்க்கப் போனவர்களில் அவனும் ஒருவன். சலவைக்காரி பேச்சாயி அமைச்சரிடம் "ஆச்சு சாமி" என்று பளிச்சென்று சொன்னதைக் காதாரக் கேட்டான். தமுக்கு அடுத்த தெரு திரும்பியதும் அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்கு ஓடியதைக் கண்ணாரப் பார்த்தான்.

"ஏனம்மா, இப்போதுதானே ஆச்சு என்றாய்?" என்று வழிமறித்துக் கேட்டான்.

"நல்லாக் கேட்டீங்க போங்க! எதுத்த வீட்ல எம் மவளக் கட்டிக் குடுத்த சம்பந்தி நிக்கிறாரு. ஈட்டிக்காரன் வேற மொறைக்கிறான். அத்தன பேரு முன்னால அடுப்பு பத்தலன்னு சொல்ல வாய் வருமா?"

அந்தப் பேச்சாயிக்கு நாளை முதல் கஞ்சி கிடையாது. கூத்தபிரான் சபையில் எழுந்துவிட்டான்.

"அரசே, எண்ணிக்கையில் குறையில்லை. கேட்ட விதத்தில்தான் குறை. பட்டினி கிடப்பவனிடமும் நாலு பேர் எதிரில் சாப்பிட்டாச்சா என்றால் 'ஆச்சு' என்றுதான் சொல்வான். நம் ஊரில் யார் மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள்?"

"இருநூற்றுப் பத்து பேரும் பொய் சொன்னார்கள் என்கிறாயா?" மன்னரின் புருவம் ஏறியது. "இன்றைக்கே நிரூபி. முடியாவிட்டால் தொட்டியோடு உன் ஆசனமும் போகும்."

நிரூபிக்கக் கூத்தபிரானுக்கு ஒரே வழிதான் தோன்றியது. அது தலைக்கே வினையாகக்கூடிய வழி.

"அப்படியானால் சபையிடம் ஒரு கேள்வி. தினமும் சபை கலையும் முன் மன்னர் ஒரு நாழிகை பாடுகிறார் அல்லவா? அந்தப் பாட்டு தொடர வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள்."

பதினோரு பேர் சபையில். பதினோரு பேர் கையும் மேலே. நம்பிமாராயர் இரண்டு கையையும் தூக்கியிருந்தார்.

"சரி. இப்போது அதையே வேறு விதமாகக் கேட்கிறேன்."

குறுகிய வாயுள்ள ஒரு பானை வந்தது. வாயில் துணி கட்டி, கை நுழையும் அளவுக்குக் கிழித்தான். ஆளுக்கு ஒரு குன்றிமணி, ஒரு புளியங்கொட்டை கொடுத்தான்.

"பாட்டு வேண்டுமென்றால் குன்றிமணி. போதுமென்றால் புளியங்கொட்டை. கையை மூடிக்கொண்டு உள்ளே விட்டு, ஒன்றைப் போடுங்கள். மற்றதை மடியில் முடிந்துகொள்ளுங்கள். யார் எதைப் போட்டார் என்று எனக்கும் தெரியாது, மன்னருக்கும் தெரியாது."

"நானும் போடுவேன்" என்றார் மன்னர். பாடுகிறவரே போடக் கூடாது என்று சொல்ல அங்கே யாருக்குத் துணிச்சல்? ஆகப் பன்னிரண்டு கைகள் பானைக்குள் போய் வந்தன.

துணியை அவிழ்த்து, பானையைக் கவிழ்த்தான் கூத்தபிரான். உருண்டவை பன்னிரண்டும் புளியங்கொட்டை. பேருக்குக்கூட ஒரு குன்றிமணி இல்லை!

சபையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நம்பிமாராயர்தான் துள்ளி எழுந்தார்.

"மோசடி! அரசர் போட்ட குன்றிமணி எங்கே? அது ஒன்றாவது இருக்க வேண்டுமே! இவன் கையில் மறைத்துவிட்டான். பிடியுங்கள் இவனை!"

காவலர்கள் நெருங்கினார்கள். கூத்தபிரானுக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாருமே புளியங்கொட்டை போட்டாலும் மன்னருடையது ஒன்று சிவப்பாக இருக்கும் என்றுதான் அவனும் நினைத்திருந்தான். இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினான்.

"விடுங்கள் அவனை" என்றார் மன்னர். மெல்லத் தன் மூடிய கையைத் திறந்தார். உள்ளங்கையில் சிவப்பாக ஒரு குன்றிமணி.

"நான் போட்டதும் புளியங்கொட்டைதான். மூன்று வருடமாகத் தொண்டை வலிக்கிறதையா! ஆசையாகக் காத்திருக்கிறீர்களே, நிறுத்தினால் வருந்துவீர்களே என்றுதான் பாடித் தொலைத்தேன்!"

முதலில் சிரித்தது மன்னர்தான். பிறகு சபை கூரை அதிரச் சிரித்தது. வேல்காரனும் தமுக்கும் இல்லாமல் அந்தப் பானை தெருவுக்குப் போகட்டும் என்று உத்தரவானது. அடுப்பு எரியும் வீடு குன்றிமணி, எரியாத வீடு புளியங்கொட்டை. மறுநாள் எண்ணியபோது இருநூற்றுப் பத்தில் நூற்று நாற்பது புளியங்கொட்டை. கஞ்சித் தொட்டி இரண்டாயிற்று. பேச்சாயி வீட்டிலும் வயிறு நிறைந்தது.

அதெல்லாம் மறுநாள் நடந்தது. முதல்நாள் சபையில் மன்னர் தன் முத்து மாலையைக் கழற்றிக் கூத்தபிரான் கழுத்தில் போட்டபோது, நம்பிமாராயர் நெளிந்தபடி எழுந்தார்.

"அரசே, நான் சந்தேகப்பட்டதில் தப்பில்லையே? தங்கள் குன்றிமணியைக் காணோமே என்ற பதற்றத்தில்தான்..."

"அது சரி, அமைச்சரே" என்றார் மன்னர். "என் குன்றிமணியை அவ்வளவு தேடினீரே, உம்முடையதை ஏன் தேடவில்லை?"