கோலத்துப் பூவில் காய்த்த பறங்கி

நியாயம் சொல்லத் தெரிந்தவர்கள் சற்று அருகே வாருங்கள். மன்னார்குடியில் ஒரு சந்துக்குள் நடந்த வழக்கு இது. போலீசுக்கும் போகவில்லை, பஞ்சாயத்துக்கும் போகவில்லை. எதிரெதிரான இரண்டு வாசல்களுக்கு நடுவிலேயே நின்றது.

செங்கமலத்தின் கொல்லையில் நாலு கட்டில் போட்டால் நிறைந்துவிடும். அதற்குள் கத்தரி, வெண்டை, மிளகாய் எல்லாம் உண்டு. பாத்திகளுக்கு நடுவே செவ்வந்தியும் கனகாம்பரமும் வைத்திருந்தாள். பூ இருந்தால் தேனீ வரும், தேனீ வந்தால் காய் பிடிக்கும் என்பது அவள் கணக்கு. மகளின் மாமியார் அலமேலு ஒருமுறை வந்தவள் கொல்லையை எட்டிப் பார்த்துவிட்டு, "கையகல எடத்துல பூவையும் காயையும் சேத்து வச்சா ரெண்டுமே உருப்படாது சம்பந்தி" என்றாள். செங்கமலத்துக்குச் சுருக்கென்று தைத்தது. "மாசியில உங்க மருமக வளைகாப்புக்கு முழுப் பறங்கிக்காய் இங்கேருந்துதான் வரும், பாத்துக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டாள். வீம்பைப் பாருங்கள், வார்த்தையை விட்ட பிறகுதான் பறங்கி விதையையே தேடிப் போனாள்.

கார்த்திகை மழையில் கொடியோடு பந்தல் சாய்ந்தது. சந்தில் இருந்த நாலு வீட்டுப் பெண்கள் நனைந்துகொண்டே வந்து தூக்கி நிறுத்தினார்கள். நெகிழ்ந்துபோன செங்கமலம், "மார்கழி முழுக்க உங்க கோலத்துக்குப் பூ என் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்தாள். கோலத்தின் நடுவே சாணி உருண்டை பிடித்து அதில் மஞ்சள் பறங்கிப்பூ செருகுவது அந்தச் சந்தில் விட்டுப்போகாத வழக்கம்.

மார்கழி பிறந்ததும் கொடி நாளுக்கு நாலு பூ விட்டது. விடியும் முன்பே பறித்து வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுவாள். அவள் வாசலுக்கு மிஞ்சாது. அடியில் கோலிக்குண்டு அளவுக்குப் பிஞ்சோடு விரியும் பூக்களை மட்டும் தொடவே மாட்டாள். அப்படிக் காத்தும், அந்தப் பிஞ்சுகள் ஒவ்வொன்றாக வெம்பி உதிர்ந்தன. உரம் வைத்தாள், சாம்பல் தூவினாள், கண்திருஷ்டி என்று மிளகாய்கூடச் சுற்றிப் போட்டாள்.

பத்தாம் நாள் காலை எதிர்வீட்டுத் தையல்நாயகியின் கோலத்தில் ஒரு தேனீ பூவுக்குள் புரண்டு மஞ்சள் பொடியோடு வெளியே வந்தது. அதைக் கண்ட செங்கமலம் பூப் பறித்த தன் விரலைப் பார்த்தாள். அதே பொடி! பிஞ்சுள்ள பூவில் இந்தப் பொடி கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது. பொடியுள்ள பூ அத்தனையையும் வாசலுக்கு அனுப்பிவிட்டால், கொல்லைக்கு வரும் தேனீ பிஞ்சுக்கு எதைக் கொண்டுவந்து சேர்க்கும்? தன் காய்க்குத் தானே எமனாக இருந்திருக்கிறோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

அன்று கொடியில் ஒரே ஒரு பிஞ்சுப் பூ விரிந்திருந்தது. அன்று பிடித்தால்தான் மாசிக்குள் முற்றும். செங்கமலம் யோசிக்கவில்லை. தையல்நாயகியின் கோலத்துப் பூவை எடுத்தாள், கொல்லைக்கு ஓடிப் பிஞ்சுப் பூவின் நடுவில் பொடியைத் தடவினாள், திரும்பி வந்து பூவைப் பழையபடி செருகினாள். நிமிர்ந்தால் தையல்நாயகி நிற்கிறாள்.

"என்னக்கா, எங்க வாசல்ல என்ன தேடுறீங்க?"

செங்கமலம் ஒளிக்காமல் சொன்னாள். தையல்நாயகி சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

பிஞ்சு பிடித்தது, திரண்டது, மாசிக்குள் பொன்னிறமாகப் பழுத்து இரண்டு கையாலும் தூக்க வேண்டிய பாரமாயிற்று. வளைகாப்புக்கு முதல் நாள் அதைத் துடைத்துச் சீர்த் தட்டில் வைத்தபோது தையல்நாயகி வந்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"எனக்குக் குடுத்த பூ என் பூ. அதால காய்ச்சதுல பாதி எனக்கு வேணும்க்கா."

"கொடி என்னுது, மண்ணு என்னுது, தண்ணி ஊத்தினது நான். பூவும் உன் கோலத்துலயேதானே இருந்துது? உனக்கு என்னடி கொறஞ்சுது?"

"கேட்டிருந்தா சந்தோஷமாக் குடுத்திருப்பேன். கேக்காம எடுத்தீங்களே!"

கடையில் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றார் செங்கமலத்தின் கணவர். கடைக்காயால் இந்த வழக்கு தீராது என்று அவளுக்குத் தெரியும். பாதியை அறுத்துக் கொடுக்கவும் வழியில்லை, கீறின காயை மங்கலத் தட்டில் யாரும் வைக்கமாட்டார்கள். முழுக்காய் போகாவிட்டால் அலமேலுவின் முகத்தில் எப்படி விழிப்பது?

இப்போது நீங்கள் சொல்லுங்கள். அந்தக் காயில் தையல்நாயகிக்குப் பங்கு உண்டா, இல்லையா? உண்டு என்றால், காயைக் கீறாமல் அதை எப்படிக் கொடுப்பது?

விடை: பங்கு உண்டு, காயில் அல்ல. பொடி படுவதற்கு முன்பே பிஞ்சு கொடியில் இருந்தது. ஆகவே தோலும் சதையும் கொடிக்காரிக்கே சேரும். பொடியும் பிஞ்சும் கூடிப் பிறந்தது உள்ளே இருக்கும் விதை. அதில் பாதி தையல்நாயகியின் பூவுக்குச் சேரும், மறுபாதி கேட்காமல் எடுத்ததற்குத் தண்டம். அன்று மாலையே செங்கமலம் இதைக் கண்டுபிடித்து, எதிர்வீட்டுப் படியேறி, "தப்பு என்னுதுதான், வெதை மொத்தமும் உனக்கு" என்று ஒப்புக்கொண்டாள். தையல்நாயகியும் சம்மதித்தாள். மறுநாள் முழுப் பறங்கி சபையில் இறங்கியது. சாம்பாருக்கு அதை அரிந்த அலமேலு, சதையின் நிறத்தைப் பார்த்து அசந்துபோய், "ஒரு கைப்பிடி வெதை எடுத்துக்கிறேன் சம்பந்தி, எங்க கொல்லையில பூச்செடி ஓரமாப் போடணும்" என்றாள். செங்கமலம் விதைகளை ஒன்று விடாமல் வழித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அது என்னுது இல்ல சம்பந்தி. எதிர்வீட்டுல கேட்டுச் சொல்றேன்."