மலைமுட்டியின் ஒற்றை அடி

ஒரு சாப்பாட்டு மேசைமேல் ஒரு பென்சில் குடியிருந்தது. சீவிச் சீவிக் கட்டைவிரல் நீளம்தான் மிச்சம்; கோபம் மட்டும் முழுநீளம்.

அதன் சொந்தக்காரி பிருந்தா ஞாயிறு மதியங்களில் நண்பர்களோடு பகடை உருட்டிக் கதையாட்டம் ஆடுவாள். ஆளுக்கொரு வீரன், வீரனுக்கொரு தாள். தாளில் காது, பேச்சு, கேடயம், வேகம், அடி என்று கட்டங்கள். ஆட்டம் தொடங்குமுன் எந்தக் கட்டமாவது ஒரு புள்ளியை விட்டுக்கொடுத்தால் அடியில் இரண்டு ஏறும். வீரன் செத்தால் தாள் கிழியும்.

பென்சில் எழுதிய இரண்டு வீரர்கள் ஏற்கெனவே குப்பைக்குப் போயிருந்தார்கள். "இவனும் செத்தான்னா இந்தப் பென்சிலும் குப்பைக்குத்தான். ராசியே இல்ல" என்று பிருந்தா சொல்லிவிட்டாள்.

மூன்றாமவன் பெயர் மலைமுட்டி. கையில் கோடாரி. பென்சில் கட்டம் கட்டமாக ஏறி இறங்கியது.

"காதண்ணே, உங்ககிட்ட பன்னெண்டு இருக்கு. சண்டையில யாரு பாட்டு கேக்கப் போறா? பத்தைத் தள்ளுங்க."

"பத்தா? ரெண்டு தர்றேன்."

"ரெண்டை வச்சு பல்லு குத்தவா? கடைசியாச் சொல்றேன், ஒம்பது. நான் கிளம்பிட்டேன்னா அப்புறம் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேன்."

கிளம்பவும் செய்தது. காது பதறிப்போய் ஒன்பதைக் கொடுத்துவிட்டது.

பேச்சுக் கட்டம் கொஞ்சம் விவரம். "மொத்தத்தையும் வாங்கிட்டா நான் எப்படிப்பா வாயைத் திறப்பேன்?"

"கோடாரி பேசும்க்கா. நீங்க ஹாயா உக்காருங்க."

கேடயமும் வேகமும் சண்டை போட்டே தோற்றன. கடைசியில் அடிக் கட்டத்தில் எழுபத்திரண்டு. அந்த மேசையில் வேறு எந்த வீரனுக்கும் அடி பதினைந்தைத் தாண்டவில்லை.

இருபது முகப் பகடை எட்டிப் பார்த்தது. "ஏம்ப்பா, இது ஆளா, இல்ல கோடாரிக்கு மாட்டின காம்பா?"

"உருண்டோமா நின்னோமான்னு இரு" என்றது பென்சில்.

ஆட்டம் தொடங்கியது. மற்ற வீரர்கள் குகை வாசலில் யோசித்து நிற்க, மலைமுட்டி முந்திக்கொண்டு உள்ளே போனான். அங்கே ஒரு பூதம் இரண்டு கைகளையும் மேலே தூக்கியபடி நின்றது.

"பூதம் ஏதோ முனகுது. கேக்குதான்னு உருட்டு" என்றான் ஆட்டத்தை நடத்தும் ஜோயல்.

பதினைந்து வேண்டும். பகடை பதினொன்றில் நின்றது. காதில் மிச்சமிருந்த மூன்றைச் சேர்த்தால் பதினான்கு. கேட்கவில்லை.

மலைமுட்டி ஓங்கினான். எழுபத்திரண்டு. பூதத்துக்கு இருந்த உயிரோ முப்பது. பென்சில் சந்தோஷத்தில் மேசை விளிம்புவரை உருண்டு போனது.

பூதம் முனகியது இதைத்தான்: "கிட்ட வராதீங்கய்யா, கூரையை நான்தான் தாங்கிட்டு நிக்கறேன்."

குகை மொத்தமாக இறங்கியது. பாறைக்கடியில் மலைமுட்டிக்கு ஒரே ஓர் உயிர் மிச்சம். வெளியே இருந்தவர்கள் அவன் செத்துப்போய்விட்டான் என்றே நினைத்தார்கள். "ஒரு குரல் கொடுத்தா தோண்டி எடுத்துடுவாங்க. பேச்சுல ரெண்டு புள்ளி இருக்கா?" என்றான் ஜோயல். இருந்தது பூஜ்யம்.

நண்பர்களின் காலடிச் சத்தம் தூரமானது. பிருந்தா தாளின் ஓரத்தைப் பிடித்தாள்.

பென்சில் அடிக் கட்டத்தின் முன்னால் போய் விழுந்தது. பேரம் பேசவில்லை, கோபப்படவில்லை. "சாமி, எழுபத்திரண்டு வச்சிருக்க. மிச்சம் எல்லாத்தையும் நீயே வச்சுக்க, பேச்சுக்கு ரெண்டே ரெண்டு குடு."

"எனக்குக் குடுக்கத் தெரிஞ்சது ஒண்ணுதான்" என்றது அடி. "யாரை அடிக்கணும், அதைச் சொல்லு."