தெருக்கம்பியின் கையை விட்ட இன்வர்ட்டர்

கடலோரத்து ஊர் ஒன்றில் சந்தனமாரி என்றொருத்தி இட்லி மாவு ஆட்டி விற்று வந்தாள். அந்த ஊரில் கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். போனால் மாவு பாதியில் நிற்கும். அதனால் மாடியில் சோலார் தகடும், கீழே பேட்டரியோடு ஓர் இன்வர்ட்டரும் வாங்கி மாட்டினாள்.

இன்வர்ட்டருக்கு நல்ல மனசு. ஒரு கையால் வீட்டைப் பிடித்துக்கொண்டது, மறு கையால் தெருக்கம்பியைப் பிடித்துக்கொண்டது. வெயில் மிஞ்சினால் கம்பிக்குக் கொடுக்கலாம் என்று அதற்கு ஆசை.

"கரண்ட் ஆபீஸ்ல இருந்து வந்து பார்த்துச் சரின்னு சொல்லணும். இல்லன்னா உன்னைக் கடைக்கே தூக்கிட்டுப் போயிருவாங்க," என்றது சுவரில் இருந்த பழைய மீட்டர்.

"பார்க்கட்டும். எங்கிட்ட என்ன குறை?"

ஒருநாள் ஆபீசர் அம்மா வந்தார். கூடவே லயன்மேன் பால்துரை. அவர் கம்பத்தில் ஏறித் தெருவுக்கு வரும் கரண்டை நிறுத்தினார்.

தெருவே அணைந்துவிடப் போகிறதே என்று இன்வர்ட்டர் பதறிப்போனது. தம் கட்டிக்கொண்டு கம்பிக்குக் கொடுத்தது. எதிர்வீட்டு ஃபேன்கூட மெல்லச் சுற்றியது.

கம்பியில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்க, பால்துரை டெஸ்ட் லாம்ப்பை வைத்தார். பல்பு எரிந்தது. இறங்கி வந்தார்.

"எரியுதும்மா."

"அப்ப முடியாது," என்றார் ஆபீசர் அம்மா. "சரிபண்ணிட்டுக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் சுவிட்சைப் போடாதீங்க."

சந்தனமாரிக்குக் கோபம் வந்தது. "கரண்ட் போனாலும் எரியணும்னுதானே வாங்கினேன். எரியுதுன்னு வேண்டாங்கிறீங்களே! பால்துரை அண்ணாச்சி, நீங்களாவது சொல்லுங்க."

"வீட்டுக்குள்ள எரியட்டும் தாயி. கம்பியில எரியக் கூடாது," என்று பால்துரை சைக்கிளை எடுத்தார்.

அவர்கள் போனதும் இன்வர்ட்டர் மீட்டரிடம் முறையிட்டது.

"தெருவுக்கும் சேர்த்துல்ல உழைச்சேன். அதுக்கா இந்தப் பேரு?"

"பால்துரை கையைப் பார்த்தியா?"

"பார்க்கலியே."

"ரெண்டு விரல் மடங்காது. கல்யாண மண்டபத்துல ஒரு ஜெனரேட்டர் இருந்துச்சு. அதுக்கும் உன்னை மாதிரி நல்ல மனசு. கரண்ட் இல்லன்னு நம்பி இவர் கம்பியைத் தொட்டாரு. தெரு நல்லா இருக்கட்டும்னுதான் அதுவும் கம்பிக்குக் கொடுத்துக்கிட்டு இருந்துச்சு."

இன்வர்ட்டர் கம்பியைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டது.

சரிபண்ணும் ஆள் வருவதற்குள் மழை வந்துவிட்டது. மத்தியானக் காற்றில் வேப்பங்கிளை முறிந்து கம்பி மேல் விழுந்தது. தெரு அணைந்தது. கிரைண்டரில் மாவு பாதி.

சந்தனமாரி வாசலை எட்டிப் பார்த்தாள். "இந்த மழையில எந்த ஆபீசர் வரப்போறா?" என்று சுவிட்சைப் போட்டுவிட்டாள்.

இன்வர்ட்டர் விழித்தது. கிரைண்டர் ஓடியது. மறு கையில் தெருக்கம்பி சில்லென்று கிடந்தது.

"குளிருது. கொஞ்சம் கொடு," என்றது கம்பி.

இன்வர்ட்டர் மீட்டரைப் பார்த்தது. "இந்த மழையில கிளையை எடுக்க யார் ஏறுவா?"

"வேற யாரு," என்றது மீட்டர்.

"அன்னைக்குக் கேட்காமலே கொடுத்தியே," என்றது கம்பி.

"கொடுத்தேன்."

"இப்ப?"

"இல்ல."

"ஊரெல்லாம் கரண்ட் இல்லாமக் கிடக்கு. உன் வீட்டு மாவு மட்டும் அரையுது. கருமி."

"சோலார் வந்ததும் தலைக்கனம்," என்று எதிர்வீட்டு ஃபேன் ஒத்து ஊதியது.

இன்வர்ட்டர் கம்பியின் கையை விட்டது.

கொஞ்ச நேரத்தில் பால்துரை நனைந்துகொண்டே வந்தார். டிரான்ஸ்பார்மரை நிறுத்திவிட்டு வந்த தைரியத்தில், டெஸ்ட் லாம்ப்பைச் சைக்கிள் பையிலேயே விட்டுவிட்டுக் கம்பத்தில் ஏறினார். கிளையைத் தள்ளிவிட்டு, மடங்காத விரல்களோடு கம்பியைப் பிடித்தார். சட்டைப்பையில் போன் அடித்தது. தோளில் இடுக்கிக்கொண்டு பேசினார்.

"ஆமா, மேலதான் இருக்கேன். நீ மீனை அரிஞ்சு வை. வந்துட்டேன்."

கம்பி அவர் கைக்குச் சில்லென்றிருந்தது.