கல்லுக்கு அளவெடுத்த ஜீப்பு

தவளைப்பாறைக்காரர்களிடம் ஒரு வேலையைச் சொன்னால், சொன்னதைச் சொன்னபடியே செய்து முடித்துவிடுவார்கள். அந்த ஊருக்கு இருந்த ஒரே கஷ்டமும் அதுதான்.

ஏலக்காய்த் தோட்டங்களுக்கு நடுவே, மலைமேல் இருக்கிற ஊர். அடிவாரத்திலிருந்து மேலே வர ஒரே ஒரு மண்பாதை, அதில் ஓட ஒரே ஒரு ஜீப்பு. ஜீப்புக்கு நாலு பங்காளிகள். வண்டியை ஓட்டுகிறவன் போத்திராசு. பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்கிறவர் அவனுடைய தாய்மாமன் ஒச்சப்பன். இருக்கிற ஒரே பாதைக்கு எதற்கு வழி சொல்லவேண்டும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. பின்னால் தொங்கிக்கொண்டு வருகிறவர்கள் சன்னாசியும் கொண்டுச்சாமியும். வண்டி எங்கே போனாலும் நாலு பேரும் கூடவே போவார்கள். இறங்கி நின்றால் பங்கு போய்விடுமோ என்று ஒரு பயம்.

ஊருக்குச் சற்றுக் கீழே, கடைசித் திருப்பத்தில், நடுப்பாதையில் ஒரு கல் தலை நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் போகும்போதெல்லாம் ஜீப்பின் அடிவயிறு 'டங்' என்று இடிக்கும். இடித்ததும், "ஊர் வந்துருச்சு" என்று நாலு பேரும் சந்தோசப்பட்டுக்கொள்வார்கள். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இப்படி இருக்கையில் போத்திராசுக்கு ஒரு பெண் அமைந்தது. அடிவாரத்து ஊர்க்காரி, பெயர் முத்துப்பேச்சி. மாவு மில் வாசலில் அவள் இவனைப் பார்த்து ஒரு தடவை சிரித்தாள். அன்றையிலிருந்து இவனுக்குக் கியர் ஒழுங்காக விழவில்லை.

பெண்ணின் அம்மா பெருமாயி வீடு பார்க்க ஜீப்பில் கிளம்பி வந்தாள். கடைசித் திருப்பத்தில் கல் இடித்ததும் அவள் தலை மேல்கம்பியில் மோதியது. கொண்டை அவிழ்ந்தது. தட்டில் இருந்த பழமெல்லாம் பள்ளத்தாக்கில் உருண்டது. "ஊர் வந்துருச்சு" என்று நாலு பேரும் அவளைப் பார்த்துச் சிரித்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. இறங்கி, கொண்டையை முடிந்துகொண்டு, திரும்பி நடந்தே போய்விட்டாள். போகும்போது ஒன்று சொன்னாள்.

"வர்ற வெள்ளிக்கிழமை திரும்பி வருவேன். அலுங்காம குலுங்காம உங்க வீட்டு வாசல்ல நான் ஜீப்பை விட்டு இறங்கணும். இறங்கினா பொண்ணு உங்களுக்கு. இல்லேன்னா வடக்கூர்ல டிராக்டர் வச்சிருக்கிற பையன் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

போத்திராசுக்கு அன்று சோறு இறங்கவில்லை. டிராக்டர் எவ்வளவு உயரம் என்று அவனுக்குத் தெரியும்.

மறுநாள் நாலு பேரும் அடிவாரத்தில் பட்டறை வைத்திருக்கிற சவரிமுத்து மேஸ்திரியிடம் போனார்கள். மேஸ்திரி பொறுமைசாலி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வண்டியை உயர்த்துவதற்கென்றே லிப்ட் கிட்டு என்று ஒன்று வருகிறது, ஸ்பிரிங் பட்டை, நீளமான சாக்கப்சர், கட்டை எல்லாம் ஒரே செட்டாக இருக்கும், அதைப் போட்டால் ஜீப்பு எழுந்து நிற்கும் என்றார்.

"ஆனா எத்தனை இஞ்சு தூக்கணும்னு, அந்தக் கல்லை என் கண்ணால பார்க்காம சொல்ல மாட்டேன்."

புதன்கிழமை ஓர் எட்டு மேலே வந்து பார்ப்பதாக அவருடைய எண்ணம். புதன்கிழமை காலையில் அவர் பட்டறையைத் திறந்தபோது வாசலில் ஜீப்பு முட்டி போட்டு நின்றது. உள்ளே கன்றுக்குட்டி படுத்திருக்கிற மாதிரி ஒரு கல்.

"பார்த்துக்கங்க மேஸ்திரி" என்றார் ஒச்சப்பன்.

முந்தின நாள் முழுக்கக் கடப்பாரை போட்டுத் தோண்டியிருக்கிறார்கள். வெளியே தெரிந்தது தலைதானாம்; உடம்பு முழுக்க மண்ணுக்குள்ளே இருந்ததாம். பெரிய மனுசரைப் பார்க்கப் போகிற கல் அழுக்காகப் போகக்கூடாது என்று, வருகிற வழியில் ஓடையில் இறக்கிக் குளிப்பாட்டியும் இருக்கிறார்கள்.

மேஸ்திரி கல்லைச் சுற்றி வந்தார். மண் ஒட்டியிருந்தால் எதுவரைக்கும் வெளியே தெரிந்தது என்று பார்த்திருக்கலாம். கல் பளபளவென்று இருந்தது. தரைக்கு மேலே எவ்வளவு இருந்தது என்று கேட்டார். சன்னாசி கணுக்காலைத் தொட்டுக் காட்டினான். கொண்டுச்சாமி முழங்காலைக் காட்டினான். ஒச்சப்பன் யோசித்துவிட்டு, பெருமாயி அம்மாளைக் கேட்டால் தலையைக் காட்டுவாள் என்றார்.

மேஸ்திரிக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஏப்பா, கல்லுதான் இங்க வந்துருச்சே. இப்ப அந்த இடத்துல என்ன இருக்கு?"

"பள்ளம்" என்றான் போத்திராசு.

"அதுல மண்ணைப் போட்டு மூடுங்க. வேலை முடிஞ்சுது. கிட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

நாலு பேரும் தள்ளிப் போய் நின்று கலந்து பேசினார்கள். வெகுநேரம் பேசினார்கள். பிறகு ஒச்சப்பன் மட்டும் வந்தார்.

"மண்ணு போடணும்னா வேற ஒரு இடத்துல தோண்டணும் மேஸ்திரி. அங்க ஒரு பள்ளம் விழும். அதை மூட இன்னொரு இடத்துல தோண்டணும். இது எங்க போய் நிக்கும்? இந்தப் பள்ளத்துக்கு அளவெடுத்த மாதிரி பொருந்துறது உலகத்துலயே ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. இந்தக் கல்லு. அதனால இதையே திரும்பக் கொண்டுபோய் வச்சிடுறோம். நீங்க கிட்டைக் காட்டுங்க."

சவரிமுத்து மேஸ்திரி ஒரு டீ வாங்கி வரச் சொல்லிக் குடித்தார். இவர்களோடு பேசுவதைவிட நட்டு முடுக்குவது சுலபம் என்று முடிவு செய்திருக்க வேண்டும். கல்லை இறக்கச் சொன்னார். எப்போதும் ஏற்றுகிற பாரத்தோடு, சக்கரத்து நடுவிலிருந்து மட்கார்டு வரைக்கும் அளந்து சொல்லுங்கள் என்று டேப்பைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

எப்போதும் ஏற்றுகிற பாரம் என்றால் அவர்கள் நாலு பேர்தான். நாலு பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். அப்புறம்தான் கீழே அளக்க ஆள் இல்லை என்பது தெரிந்தது. சன்னாசி இறங்கினான். இறங்கினதும் வண்டி ஒரு நூல் மேலே எழும்பியதை ஒச்சப்பன் கவனித்துவிட்டு, "ஏறு, ஏறு, பாரம் குறையுது" என்றார். அப்புறம் கொண்டுச்சாமி இறங்கிப் பார்த்தான். அதே கதை. கடைசியில் சன்னாசியைப் பானட் மேல் குப்புறப் படுக்கவைத்து, இரண்டு பேர் காலைப் பிடித்துக்கொள்ள, தலைகீழாகத் தொங்கவிட்டு அளந்தார்கள். அளவு வந்தது. ஆனால் கொண்டுச்சாமிக்கு ஒரு சந்தேகமும் கூடவே வந்தது. அளக்கும்போது சன்னாசியின் தலை வண்டிக்கு வெளியே இருந்ததே, அந்த எடை கணக்கில் விட்டுப்போயிருக்குமே என்று மேஸ்திரியைப் போய்க் கேட்டான்.

"அதுல கூட்டுறதுக்கு ஒண்ணும் இல்லப்பா" என்றார் மேஸ்திரி.

தலைக்கு எடை கிடையாது என்பதை அன்றைக்குத்தான் அவர்கள் தெரிந்துகொண்டார்கள்.

மேஸ்திரி மூன்று செட்டை எடுத்துப் பரப்பினார். ஒன்று இரண்டு இஞ்சு தூக்கும். ஒன்று நாலு, இன்னொன்று ஆறு. சின்னதைப் போட்டால் கல் இடித்தாலும் இடிக்கும், பெரியதைப் போட்டால் திருப்பத்தில் வண்டி சாயப் பார்க்கும் என்று விளக்கினார். மறுபடியும் கூடிப் பேசினார்கள். மேலே ஏறும்போது பள்ளத்தாக்கு இடதுகைப் பக்கம், பாதையும் அந்தப் பக்கமே சாய்வு, அதனால் இடது சக்கரங்களுக்கு ஆறு இஞ்சும் வலது சக்கரங்களுக்கு இரண்டு இஞ்சும் போட்டால் வண்டி சமமாகப் போகும் என்று கொண்டுச்சாமி ஒரு யோசனை சொன்னான். எல்லோரும் அவனைப் புதிதாகப் பார்த்தார்கள்.

"இறங்கி வரும்போது பள்ளத்தாக்கு வலதுகைக்கு வந்துருமேடா?" என்றான் போத்திராசு.

"ரிவர்ஸ்லயே இறங்குவோம் மாப்ள. அப்பவும் இடதுகைதான்."

இதில் தப்புக் கண்டுபிடிக்க யாராலும் முடியவில்லை. மேஸ்திரியாலும் முடியவில்லை, அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. அவர் மற்ற மூன்று பேரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் போத்திராசு தோளில் கை வைத்தார்.

"கல்யாண மாப்பிள்ளை நீதான். நீ சொல்லு, உனக்கு எது வேணும்?"

"எனக்கு முத்துப்பேச்சி வேணும்" என்றான் போத்திராசு. கண் கலங்கிவிட்டது.

மேஸ்திரி அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. நாலு சக்கரத்துக்கும் நாலு இஞ்சு போட்டுக்கொடுத்தார். மெதுவாக ஓட்டு என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை பெருமாயி பட்டறை வாசலுக்கே வந்தாள். ஜீப்பு ஆள் உயரத்துக்கு நின்றது. பட்டறையில் கிடந்த பழைய டயர்களை அடுக்கி அவளை ஏற்றினார்கள். பின்னால் இடம் முழுக்க, திரும்ப ஏற்றிவைத்த கல்தான் இருந்தது. அதன்மேல் போர்வையை மடித்துப் போட்டு உட்காரவைத்தார்கள். மேஸ்திரி சொன்னபடி போத்திராசு மெதுவாக ஓட்டினான். விறகுக்கட்டு சுமந்து நடந்துபோன பெண்கள் இரண்டு பேர் ஜீப்பைத் தாண்டிப் போனார்கள். கல்லின் பாரத்துக்கு வண்டி துளி ஆடவில்லை. தொட்டில் மாதிரி இருக்கிறது என்று பெருமாயியே வாய்விட்டுச் சொன்னாள். போத்திராசுக்குக் கியர் ஒழுங்காக விழ ஆரம்பித்தது.

கடைசித் திருப்பத்தில் பள்ளத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தினான். வாசல் வராமல் இறங்க மாட்டேன் என்று பெருமாயி முன்சீட்டுக்கு மாறிக்கொண்டாள். நாலு பேரும் சேர்ந்து கல்லைத் தள்ளிப் பள்ளத்தில் போட்டார்கள். அது நேராக இறங்காமல் குறுக்கே விழுந்து, பள்ளத்து வாயில் செருகிக்கொண்டது. தள்ளிப் பார்த்தார்கள், நெம்பிப் பார்த்தார்கள், அசையவில்லை. முன்னே கணுக்காலோ முழங்காலோ இருந்த கல் இப்போது இடுப்பு உயரத்துக்கு நின்றது. எதிரே நாலு இஞ்சு உயர்ந்த ஜீப்பு, சுவரைப் பார்த்த ஆடு மாதிரி நின்றது.

போத்திராசு போய் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவன் காதில் டிராக்டர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒச்சப்பன்தான் நிதானம் இழக்காதவர். அந்த அம்மாள் அன்றைக்குச் சொன்னதை யாராவது ஒருத்தன் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்லட்டும் என்றார். சன்னாசி சொன்னான். ஒச்சப்பன் விரல் மடக்கினார்.

"ஜீப்பு இங்க இருக்கு. அந்த அம்மாவும் ஜீப்புலதான் இருக்காங்க. அலுங்கவும் இல்ல, குலுங்கவும் இல்ல. வாசல் ஒண்ணுதான் இங்க இல்ல. போய் எடுத்துட்டு வாங்கடா."

சன்னாசியும் கொண்டுச்சாமியும் ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் போத்திராசு வீட்டு வாசல், நிலையோடும் கதவோடும், மாவிலைத் தோரணம் ஆட ஆட, இரண்டு பேர் தோளில் வந்து சேர்ந்தது. பின்னாலேயே போத்திராசின் அம்மா சீனியம்மாள் கோலமாவுக் கிண்ணத்தோடு வந்தாள். கல்லுக்கு அந்தப் பக்கம் வாசலை நிறுத்திக் கம்பு முட்டுக்கொடுத்தார்கள். சீனியம்மாள் முன்னால் ஒரு கோலம் போட்டுவிட்டு, உள்ளே போய் நின்றுகொண்டாள்.

பெருமாயி கீழே எட்டிப் பார்த்தாள். கிட்டு போட்ட வண்டியிலிருந்து தரை எங்கேயோ கிடந்தது. நல்லவேளை, முன்னாலேயே கல் இருந்தது. கல்மேல் கால் வைத்தாள், கல்லிலிருந்து கோலத்தில் இறங்கினாள். இதுக்குத்தான் கல்லை விடாமல் தூக்கி வந்தது என்று ஒச்சப்பன் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"வாங்க சம்பந்தியம்மா" என்றாள் சீனியம்மாள், உள்ளேயிருந்து.

பெருமாயி வலதுகாலை எடுத்துவைத்து நிலையைத் தாண்டினாள். சுற்றிலும் பார்த்தாள். எதிரே ஏலக்காய்த் தோட்டம், அதற்கு மேலே மலை, அதற்கும் மேலே வானம். போத்திராசு அவள் வாயையே பார்த்தான்.

"வீடு நல்லாக் காத்தோட்டமா இருக்கு" என்றாள் பெருமாயி. "வர்ற தையிலயே வச்சிக்குவோம்."

அதைச் சொல்லி முடிக்கவும் மழை பிடித்துக்கொண்டது. வெளியே நின்றவர்கள் எல்லோரும் நனையாமல் இருக்க விழுந்தடித்து வாசலுக்குள் ஓடிவந்தார்கள். கடைசியாக வந்த போத்திராசு, மாமியார்மேல் சாரல் அடிக்கக் கூடாதென்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டான்.