புதுச் சட்டமும் சுருக்குக் கயிறும்

"கடல் போயிடும்டா, ஒருநாள் நம்ம வாசலை விட்டுட்டு…" அப்படின்னு லைக்கோனோட அப்பா சாகுறப்ப சொன்னாராம்.

யாரு இந்த லைக்கோன்னு கேக்குறீங்களா? ரொம்பக் காலத்துக்கு முன்னால யவன தேசத்துல, கடலோரமா ஒரு பட்டணம் இருந்துச்சு. அங்கே கடலோட ஆழம் பார்த்துக் கப்பலுக்கு வழி காட்டுறவன்தான் லைக்கோன். அந்தப் பட்டணத்துல ஒரு வழக்கம், கேட்டா நடுங்கிப்போவீங்க. புதுசா ஒரு சட்டம் வேணும்னு எவன் கேட்டாலும், கழுத்துல சுருக்குக் கயித்தை மாட்டிக்கிட்டுத்தான் சபைக்கு வரணும். சனம் கை தூக்கினா கயிறு கழலும். தூக்கலைன்னா அங்கேயே இழுத்துடுவாங்க. ஆமா, அங்கேயே! அப்புறம் எவன் வாயைத் திறப்பான்?

ஒருநாள் ஒரு கப்பல் துறைமுகத்துக்குள்ளயே தரை தட்டிப்போச்சு. லைக்கோனுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. முங்கிப் பார்த்தா, அடியில வெள்ளை வெளேர்னு பளிங்குத் தூசி, இடுப்பளவு! ஊர்த் தலைவன் தேரோன், கோயிலுக்குக் கல் அறுத்த தூசியையெல்லாம் தண்ணியிலயே தள்ளிக்கிட்டு இருந்திருக்கான்.

போய்க் கேட்டான். "கடல் எம்மாம் பெருசு, போடா"ன்னான் தேரோன். மறுபடி போனான். "சாமி காரியத்தைக் குத்தம் சொல்றியா?"ன்னான். மூணாந்தரமும் போனான். "சட்டம் வேணுமா? கயித்தை மாட்டிக்கிட்டு வா!"ன்னான்.

பெண்சாதி மிர்ட்டோ வாசலை மறிச்சுக்கிட்டா. "உங்களுக்கென்ன கிறுக்கா? கடல் போனா போகட்டும், நீங்க போனா நான் யாருகிட்ட சண்டை போடுறது?"

"கடல் போனா கப்பல் வராதுடி, கப்பல் வராட்டி இந்த ஊரே செத்துரும்"னுட்டு, கயித்தை மாட்டிக்கிட்டுப் போயிட்டான்.

"துறைமுகத்துல தூசி கொட்டக் கூடாது, இதான் நான் கேட்கிற சட்டம்"னான் சபையில. கை தூக்கச் சொன்னாங்க. பாதிப் பேர் தேரோன்கிட்ட கல் அறுக்குறவங்க, மீதிப் பேர் அவனுக்குப் பயந்தவங்க. அங்கொண்ணும் இங்கொண்ணுமாத்தான் கை எழும்புச்சு. காவலன் கயித்து முனையைக் கையில சுத்தினான். "இழு! இழு!"ன்னுச்சு சனம்.

தேரோன் சும்மா இருந்திருக்கலாம். இருந்தானா? குஷி தாங்கலை. எழுந்து நின்னு, "இனிமே துறைமுகத்தைப் பத்திப் பேசுறவன் நாக்கை அறுக்கணும்!"னு கத்தினான்.

சபை நடத்துற பெரியவர் மெல்லக் கேட்டார்: "தலைவரே, இப்படி ஒரு சட்டம் நம்ம ஊர்ல இருக்கா?"

"இல்லைய்யா, இப்பத்தானே நான் சொல்றேன்!"

"அப்ப இது புதுசு. உங்க கழுத்துல கயித்தைக் காணோமே?"

தேரோனுக்கு மூஞ்சி வெளிறிப்போச்சு. ஊர்ல இருந்தது ஒரே கயிறு. லைக்கோன் கழுத்துல இருந்து கழட்டி, தேரோன் கழுத்துல மாட்டினாங்க. "கை தூக்குங்கப்பா!" ஒத்தக் கைகூட எழும்பலை. கல் அறுக்குறவனுக்கும் நாக்கு வேணுமில்ல?

"உயிரோட கயிறு கழண்டவன் பிழைச்சான், அதுவும் நம்ம வழக்கம்தான். லைக்கோனு, முனையை நீயே பிடி"ன்னார் பெரியவர்.

"தம்பி, உன் காலைப் பிடிக்கிறேன், இழுத்துடாதே!"ன்னு தேரோன் அலறினான். "இழு! இழு! இழு!"ன்னுச்சு சனம், இத்தனை நேரம் லைக்கோனை இழுக்கச் சொன்ன அதே சனம். லைக்கோனுக்கு அதுதான் பகீர்னுச்சு.

இழுக்கலை, விடவும் இல்லை. முனையைப் பிடிச்சபடியே தேரோனைத் துறைமுகத்துக்கு நடத்திக்கிட்டுப் போனான், தண்ணியில இறக்கினான், தூசியை அள்ளுன்னு கையில ஒரு கூடையைக் கொடுத்தான். தரை தட்டாம ஒரு கப்பல் உள்ளே வர்ற அன்னைக்குத்தான் கயித்தைக் கழட்டுறதுன்னு முடிவு பண்ணினான்.