பின்பக்கமா இறங்குன பூனை

ஏறத் தெரிஞ்ச பூனைக்கு இறங்கத் தெரியாதான்னா கேக்குறீங்க? தெரியும். ஆனா பின்பக்கமாத்தான் இறங்கணும். காட்டுல ஒரு பூனைக்கு அதுதான் பெரிய வெக்கம்.

பூனை நகம் உள்பக்கமா வளைஞ்ச கொக்கி. ஏறும்போது மரத்த நல்லாக் கவ்வும். தலைகீழா இறங்குனா கவ்வாது, வழுக்கும். அணிலுக்கு அப்படியில்ல. பின்னங்கால் பாதத்தத் திருப்பி வெச்சுக்கிட்டுத் தலைகீழா ஓடும்.

இந்தப் பூனையோ, "புலி எனக்கு அக்கா மகன்!"னு காடெல்லாம் சொல்லி வெச்சிருந்துச்சு. அதனால யாரும் பாக்காதப்பதான் இறங்கும். யாராவது நின்னா மேலயே உக்காந்துக்கும். கேட்டா, "காத்து வாங்குறேன்"னு சொல்லும்.

ஒரு நாள் மத்தியானம் அணிலத் தொரத்திக்கிட்டு இலுப்ப மரத்து உச்சிக்கே போயிருச்சு. அணில் கிளையச் சுத்தி ஓடி, கீழ்க்கிளையில வந்து நின்னுச்சு.

"என்ன பெரியம்மா, இறங்கலயா?"

"காத்து வாங்குறேன்!"

"எந்தக் காத்த? ஒரு எல கூட ஆடலயே!"

சுத்தியிருந்த மைனாக்கள் சிரிச்சுச்சுங்க.

அப்பத்தான் பூனை கீழ பாத்துச்சு. மரத்தடியில இருந்த புதருக்குள்ள அதோட குட்டி தூங்குது. அந்தப் புதரப் பாத்து, மோப்பம் புடிச்சுக்கிட்டே ஒரு நரி வருது.

பூனை தலைகீழா பாஞ்சுச்சு. நகம் புடிக்கல. சர்ருன்னு வழுக்கி, ஒரு கிளையில முன்னங்கால் ரெண்டும் மாட்டித் தொங்குச்சு.

அணிலே பயந்துபோச்சு. "பெரியம்மா! பின்பக்கமா இறங்கு!"

"எல்லாரும் பாக்குறாங்களே!"

"நரியும்தான் பாக்குது! உன்னய இல்ல!"

பூனை அடிமரத்தப் பாக்கத் திரும்புச்சு. வாலு முதல்ல, பின்பக்கம் அடுத்தது, மூஞ்சி கடைசி. நகம் பட்டையில கறக் கறக்னு இறங்கிப் புடிச்சுச்சு.

"புலியோட சித்தி வர்ற லட்சணத்தப் பாருங்கடி!"ன்னு ஒரு மைனா கத்துச்சு. பூனை காதுல வாங்கல.

நரி புதருக்குள்ள மூக்க நொழைச்சிருச்சு. குட்டி கத்துது. பூனை மிச்ச ஒசரத்தக் குதிச்சு, நரி மூக்குல ஒரு கீறு கீறுச்சு. முதுக வில்லாட்டம் வளைச்சு, மயிரெல்லாம் சிலுப்பிக்கிட்டு, ரெண்டு பூனை அளவுக்கு நின்னுச்சு.

"தொட்டுப் பாரு!"

நரி மூக்க நக்கிக்கிட்டே, "வழி தவறி வந்துட்டேம்மா"ன்னு நடையக் கட்டிருச்சு.

மைனாக்கள் அப்பவும் சிரிச்சுக்கிட்டுதான் இருந்துச்சுங்க. பூனை அதுபாட்டுக்கு நடந்துச்சு. வாயில குட்டி இருந்துச்சு.

நமக்கு வாய்ச்ச கை காலு எப்படி இறங்க விடுதோ அப்படித்தான் இறங்கணும். சிரிக்கிறவன் எவனும் நம்ம குட்டியக் காப்பாத்த வரமாட்டான்.

என்னது, மறுநாளும் அணிலத் தொரத்துச்சான்னா? அதக் கேளுங்க, மறுநாள் அந்த அணிலு...

இருங்க, வீட்டுல கூப்புடுறாங்க. குழாயில தண்ணி வந்துருச்சாம். நான் வர்றேன்.