முடியாத மரமும் முடிகிற கிளைகளும்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் ஆசை அதிகமாகவும் இருந்த நாட்களில், அகண்டவர்மன் என்றொரு ராஜா இருந்தார். நந்தவனத்தில் உலாவும்போது அவருக்குத் திடீரென்று ஒரு குறை தோன்றிவிட்டது. எந்த மரத்தைப் பார்த்தாலும் ஓரிடத்தில் நின்றுவிடுகிறதே! தன்னைப் போன்ற ராஜாவுக்கு உச்சியே இல்லாத மரமல்லவா வேண்டும்?

மந்திரி திருவேங்கடராயர் இதற்காகவே காத்திருந்தவர்போல் முன்னால் வந்தார். அரண்மனை விகடகவி மாசிலாமணியைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும்.

“மகாராஜா, மரத்துக்கு முடிவு இருக்கக் கூடாது. ஆனால் தனிக்கிளை எதுவும் முடிவில்லாமல் போகவும் கூடாது. போனால் அது தங்களையே மிஞ்சிவிடும். இப்படியொரு மரத்தை மாசிலாமணியால் மட்டுமே கொண்டுவர முடியும்.”

“இவ்வளவுதானா?” என்றான் மாசிலாமணி. “அடியிலிருந்தே ஒரு முழ நீளத்தில் ஒரு கிளை, இரண்டு முழ நீளத்தில் ஒரு கிளை, மூன்று முழ நீளத்தில் ஒரு கிளை என்று கணக்கில்லாமல் விட்டால் போயிற்று. ஒவ்வொரு கிளையும் முடியும், மரம் முடியாது.”

“அது மரமா, துடைப்பமா?” என்று சீறினார் ராயர். “எந்தக் கவட்டிலும் இரண்டு மூன்று கிளைக்கு மேல் பிரியக் கூடாது!”

ராஜாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. “பௌர்ணமிக்குள் கொண்டு வா. இல்லாவிட்டால் மொட்டையடித்து ஆற்றுக்கு அப்பால் அனுப்பிவிடுவேன்” என்றார்.

வீட்டில் மனைவி செங்கமலம் நிறைமாதக் கர்ப்பிணி. அவளை வைத்துக்கொண்டு ஆற்றை எப்படிக் கடப்பது? மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை. கரித்துண்டை எடுத்துத் தரையில் மரம் மரமாக வரைந்தான், அழித்தான். எல்லாக் கிளையையும் முடித்தால் மரம் நின்றுபோகிறது. ஒன்றை விட்டுவைத்தால் அது ஓடிக்கொண்டே இருக்கிறது.

“இத கேட்டது யாரு?” என்றாள் செங்கமலம்.

“ராயருதான்.”

“அப்போ அவருதானே மொதல்ல சோதிச்சுப் பாக்கணும்?”

அது அந்த அரண்மனை வழக்கம். ராஜாவின் பாட்டனார் யாரோ சொன்னார்களென்று புது ஊஞ்சலில் ஆடி இடுப்பை ஒடித்துக்கொண்ட நாளிலிருந்து, யோசனை சொன்னவர்தான் பொருளை முதலில் பரீட்சிக்க வேண்டும். ஆசனமென்றால் உட்கார வேண்டும், பானமென்றால் குடிக்க வேண்டும்.

“மரம்னா ஏறணும்!” என்று துள்ளி எழுந்தான் மாசிலாமணி.

பௌர்ணமியன்று சபையில் ஒரு திரை தொங்கியது.

“மரம் உள்ளே இருக்கிறது, மகாராஜா. வழக்கப்படி ராயர் ஏறட்டும். ஏறும் விதத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். ராயரே, முதல் கவட்டில் மூன்று கிளை. மூன்றுக்கும் மேலே மரம் எங்கோ ஓரிடத்தில் நின்றுவிட்டால்?”

“மூன்றில் எது நெட்டையோ, அதோடு மொத்த மரமும் முடிந்தது” என்றார் ராயர் அலட்சியமாக.

“ஆக, ஒரு கிளைக்கு மேலேயாவது மரம் முடியாமல் போக வேண்டும். அதில் ஏறுங்கள். அடுத்த கவட்டில்?”

“அங்கேயும் அப்படியே.”

“அதற்கடுத்த கவட்டில்?”

ராயர் திரையை நிமிர்ந்து பார்த்தார். “நான்... நான் எப்போது இறங்குவது?”

“எந்தக் கவட்டிலும் மேலே வழி இருக்குமே! போய்க்கொண்டே இருப்பீர்கள். வீட்டில் சொல்லிவிட்டு வந்தீர்களா?”

ராயர் ராஜாவின் காலில் விழுந்தார். “மகாராஜா, அப்படியொரு மரம் இருக்கவே முடியாது! நான் ஏறிய வழியே முடிவில்லாத கிளையாகிவிடும்!”

“மந்திரியே சொல்லிவிட்டார். இல்லாததை ஏழை எங்கே போய்த் தேடுவேன்?” என்று மாசிலாமணி திரையை விலக்கினான். உள்ளே ஒரு கறிவேப்பிலைக் கன்று.

ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் ஆசை விடுமா?

“அப்படியானால் எங்கேயுமே கிடையாதா?”

“முடிவில்லாத உயரத்தையும் தாண்டிய உயரங்கள் உண்டென்று கணிதப் பண்டிதர்கள் சொல்கிறார்கள், மகாராஜா. அந்த உயரங்களில் முதல் படியிலேயே, மரம் முழு உயரமும் போனாலும் எந்தத் தனிக்கிளையும் அவ்வளவு உயரம் போகாத, இதற்குச் சித்தப்பன் மகன் மாதிரி ஒரு மரம் உண்டாம். இன்னும் மேலே, கீழேயுள்ள எண்களை எப்படிக் கூட்டினாலும் பெருக்கினாலும் எட்டாத பேரெண்கள் இருக்குமாம். அவற்றில் சிலவற்றின் உயரத்தில் மறுபடியும் ராயர் ஏறிய வழிபோல ஒரு கிளை அடிமுதல் நுனிவரை நீண்டுவிடுமாம். ஆனால் அந்த எண்கள் இருக்கின்றனவா என்று யாருக்கும் நிச்சயமில்லை.”

“போய்ப் பார்த்துவர யாரை அனுப்பலாம்?”

சபை முழுவதும் ராயரைத் திரும்பிப் பார்த்தது.

“எனக்கு முழங்கால் வலி, மகாராஜா” என்றார் ராயர்.

ராஜா கிரீடம் நழுவச் சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி மாசிலாமணியின் கழுத்தில் போட்டார்.

மாசிலாமணியும் சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தான். வாசலைத் தாண்டியதும் படியில் உட்கார்ந்து அழுதேவிட்டான்.

“என்னண்ணே, பரிசு பத்தலையா?” என்றான் காவலாளி.

“இல்லப்பா” என்று கண்ணைத் துடைத்தான் மாசிலாமணி. “எம் புள்ள இந்த ஊர்லயே பொறக்கப் போவுது.”